தணிகையில் பிறந்த எட்டுப் பாட்டுகள்

பாட்டின் சொல்லையும் மெட்டையும் தாமே ஆக்கித் தாமே பாடுகின்ற ஒருவர் தம்முடைய முதல் தொகுதியைக் கொண்டுவருகிறார் என்றால், அதைக் கேட்கிறவர்கள் அதிலே இரண்டு விஷயங்களைத் தேடுவது வழக்கம். இத்தனை காலம் யார் யாரிடமோ கற்றதெல்லாம் இவருக்குள் எவ்வாறு செரித்திருக்கிறது என்பது ஒன்று. அந்தக் கல்விக்கெல்லாம் அப்பால் இவருக்கே உரிய குரல் ஒன்று எழுந்திருக்கிறதா என்பது மற்றொன்று. தேர்ந்த வித்துவான்களின் நடுவே வளர்ந்து, அவர்கள் துணையோடு அரங்கேறும் ஒருவரிடத்தில் இவ்விரண்டாவது கேள்வி இன்னும் கூர்மையாகிறது. இசைத்தட்டு நம் நாட்டுக்கு வருவதற்கு ஏறக்குறைய ஒரு நூற்றாண்டுக்கு முன்பே, இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தின் வடமேற்கு மூலையில் நிற்கும் திருத்தணிகை மலையில் அப்படி ஒரு முதல் தொகுதி பிறந்தது. முத்துஸ்வாமி தீக்ஷிதர், குருகுஹன் என்று தாம் பெயரிட்டு அழைத்த முருகப் பெருமானைக் குறித்து, வடமொழியின் எட்டு வேற்றுமைகளுக்கும் ஒவ்வொன்றாக அமைத்த எட்டுக் கீர்த்தனங்களே அத்தொகுதி.

கர்நாடக சங்கீதம் என்றதும் நம் மனம் காவேரிக் கரைக்கே ஓடிவிடுகிறது. திருவாரூர், திருவையாறு, தஞ்சை என்ற பெயர்களுக்கு அப்பால், சென்னைக்கு வடக்கேயும் மேற்கேயும் பரந்து கிடக்கும் தொண்டை நாட்டுப் பகுதிக்குச் சங்கீத சரித்திரத்தில் இடமுண்டு என்பதை எண்ணிப் பார்ப்பவர் சிலரே. இன்று அப்பகுதியின் பெயரைக் கேட்டால் கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் இரும்பாலைகளும், காக்களூர்த் தொழிற்பேட்டையும், மணலியின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் உர ஆலையும் ஞாபகத்திற்கு வருகின்றன. ஆனால் அந்த மணலியிலேதான் தீக்ஷிதருடைய இளமைக் கல்வியின் ஒரு பகுதி நடந்தது. அங்கிருந்து நெடுந்தூரம் இல்லாத தணிகையிலேதான் அவர் வாக்கேயகாரர் ஆனார். மணலி சென்னை மாநகராட்சியில் 2011-லும் சென்னை மாவட்டத்தில் 2018-லும் சேர்க்கப்பட்டது. அதற்கு முன் அதுவும் திருவள்ளூர் மாவட்டத்து ஊரே. ஆகவே வாக்கேயகாரராகத் தீக்ஷிதரின் தொடக்கம், ஒரு மாவட்டத்தின் எல்லைக்குள், கடற்கரைக்கும் மலைக்கும் இடையே நிகழ்ந்தது என்று சொல்லலாம். இடையிலே காசி யாத்திரை ஒன்றுதான் விலக்கு.

அவர் பிறந்தது திருவாரூரில். மன்மத வருஷம் பங்குனி மாதம் கிருத்திகை நட்சத்திரம் என்பது குடும்பத்தார் பாதுகாத்த குறிப்பு. இதனை 1775 மார்ச் 24 என்று பல நூல்கள் எழுதி வருகின்றன. எனினும் மன்மத வருஷத்துப் பங்குனி ஆங்கிலக் கணக்கில் 1776-ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலேயே விழும் என்பதைப் பஞ்சாங்கம் அறிந்த எவரும் காணலாம். அவர் எட்டயபுரத்தில் மறைந்த 1835-ஆம் ஆண்டு தீபாவளியும் அடுத்த மன்மத வருஷத்தைச் சேர்ந்ததே. அறுபது வருஷச் சக்கரம் ஒன்று முழுமையாகச் சுழன்று நிற்கும் ஆயுள் அது.

தந்தையார் ராமஸ்வாமி தீக்ஷிதர் சாமானியமான பாடகர் அல்லர். ஹம்ஸத்வனி ராகத்தை உண்டாக்கியவர் என்ற புகழ் அவருக்கு உண்டு. வேங்கடமகியின் மரபில் வந்த வேங்கட வைத்தியநாத தீக்ஷிதரிடம் அவர் பயின்றார். நூற்றெட்டு ராகங்களையும் தாளங்களையும் கோத்து ஒரே மாலிகையாக அவர் அமைத்த பெரும் படைப்பில் இன்று நமக்குக் கிடைப்பது பாதிக்குச் சற்று மேற்பட்ட பகுதியே. அவரைத் திருவாரூரிலிருந்து மணலிக்கு அழைத்து ஆதரித்தவர் மணலி முத்துகிருஷ்ண முதலியார். கம்பெனியாருக்குத் துபாஷியாக இருந்து செல்வமும் செல்வாக்கும் பெற்ற குடும்பத்தின் தலைவர். அவருக்குப் பின் அவர் குமாரர் வேங்கடகிருஷ்ண முதலியார், சின்னையா முதலியார் என்று வழங்கப்பட்டவர், அதே ஆதரவைத் தொடர்ந்தார். அந்த வீட்டில் தந்தை பாடினார். மூத்த மகன் முத்துஸ்வாமியும், சின்னஸ்வாமியும், பாலுஸ்வாமியும் வீணையும் பாட்டும் பயின்றார்கள். இக்காலத்தில் ஓர் இளைஞர் தம் முதல் தொகுதிக்காகத் தேடித் தேடிச் சேர்க்க வேண்டிய தேர்ந்த கலைஞர்களை முத்துஸ்வாமி தம் வீட்டுக் கூடத்திலேயே பெற்றிருந்தார்.

அந்தக் கூடத்தின் ஜன்னல் வேறொரு திசையிலும் திறந்திருந்தது. சின்னையா முதலியார் சகோதரர்களைச் செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்கு அழைத்துச் சென்று, அங்கே ஐரோப்பியப் படையினரின் பாண்டு வாத்தியத்தைக் கேட்கச் செய்தார். பாலுஸ்வாமிக்கு ஓர் ஐரோப்பியரிடம் பிடில் கற்கவும் ஏற்பாடு செய்தார். இன்று பிடில் இல்லாத கர்நாடகக் கச்சேரியை நம்மால் எண்ணிப் பார்க்கவும் முடியாது. அந்த வாத்தியம் நம் சங்கீதத்துக்குள் நுழைந்த வாசல்களில் முதன்மையானது மணலி. இதனை நான் சற்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தீக்ஷிதரின் கீர்த்தனங்களைப் பழமையின் அசையாத சிகரங்களாகவே போற்றிப் பழகிய நாம், அவர் இளமையில் கேட்ட சங்கீதத்தில் ஒரு பங்கு அக்காலத்தின் புதுமைச் சங்கீதம் என்பதை மறந்துவிடுகிறோம்.

இங்கே ஓர் ஆராய்ச்சிக் கேள்வி எழுகிறது. கோட்டையில் கேட்ட ஐரோப்பிய மெட்டுகளுக்குத் தீக்ஷிதர் வடமொழிச் சாகித்தியம் அமைத்தார். நோட்டுஸ்வர சாகித்தியங்கள் என்று அவை வழங்குகின்றன. இங்கிலாந்தின் ராஜ வாழ்த்து மெட்டுக்கும் அவற்றுள் ஒரு பாட்டு உண்டு. இவை மணலி இளமையைச் சேர்ந்தவை என்றால், தணிகைப் பாட்டுகளை முதல் படைப்பு என்று எவ்வாறு சொல்வது? இக்கேள்விக்கு இரண்டு விடைகள் எனக்குத் தோன்றுகின்றன. முதலாவது, ராஜ வாழ்த்து மெட்டில் அமைந்த அந்தப் பாட்டிலேயே குருகுஹ என்னும் முத்திரை இருக்கிறது. அம்முத்திரை தணிகையில் தோன்றியது என்று சம்பிரதாயம் சொல்வதை ஏற்றால், மெட்டை இளமையிலே கேட்டிருந்தாலும் அதற்குச் சொல் அமைந்தது பிற்காலத்தில் என்றே கொள்ள வேண்டும். இரண்டாவது, அதைவிட முக்கியமானது: ஒருவர் கேட்ட மெட்டுக்குச் சொல் வைப்பது ஒருவகைப் பயிற்சி, சொல்லும் மெட்டும் ஒரே மனத்திலிருந்து ஒன்றாகப் புறப்படுவது வேறு. அந்த இரண்டாம் நிலை தணிகையில் தொடங்கியது என்று சம்பிரதாயம் சொல்வதில் பிழை இருப்பதாக எனக்குப் படவில்லை.

மணலிக்கு வந்திருந்த சிதம்பரநாத யோகி என்னும் துறவி, முத்துஸ்வாமியைத் தம்முடன் காசிக்கு அனுப்புமாறு தந்தையாரைக் கேட்டார் என்றும், மனம் தயங்கிய தந்தையார் இறுதியில் இசைந்தார் என்றும் வரலாறு கூறுகிறது. காசியில் கழித்த ஆண்டுகள் அவருக்கு ஸ்ரீவித்யா உபாசனையையும், சிதானந்தநாதர் என்ற தீக்ஷா நாமத்தையும், இந்துஸ்தானி சங்கீதத்தின் பரிச்சயத்தையும் கொடுத்தன. கங்கையில் இறங்கியபோது கைக்குக் கிடைத்த வீணை ஒன்று, யாளி முகம் மேல்நோக்கியதாய், ராம நாமம் பொறித்ததாய் இருந்தது என்பது குடும்பத்தார் போற்றும் செய்தி. யோகியார் காசியிலேயே சித்தியடைந்தார். சிஷ்யர் மணலிக்குத் திரும்பினார். அப்போது அவருக்கு வயது இருபதுக்கு மேல். இசைக் குடும்பத்தில் பிறந்த ஒருவருக்கு, தம்முடையதென்று ஒரு கீர்த்தனமும் இல்லாமல் அந்த வயதை எட்டுவது நீண்ட மௌனந்தான்.

அந்த மௌனம் உடைந்த இடம் தணிகை. அங்கே சென்று தியானத்தில் அமர்ந்திருந்த அவர் முன் ஒரு முதியவர் தோன்றி, வாயைத் திறக்கச் சொல்லிக் கற்கண்டை இட்டு மறைந்தார் என்றும், அந்த இனிப்பு நாவில் இருக்கும்போதே முதல் கீர்த்தனம் எழுந்தது என்றும் கதை வழங்குகிறது. இக்கதையை எழுத்தில் நிறுத்தியவர் அவர் குடும்பத்தின் பேரர் சுப்பராம தீக்ஷிதர். அவருடைய நூல் வெளிவந்தது 1904-இல், தீக்ஷிதர் மறைந்து அறுபத்தொன்பது ஆண்டுகளுக்குப் பின். பக்தர்கள் இக்கதையை அப்படியே கொள்ளட்டும். அதில் கை வைக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் அதைக் கேட்டவர்களில் பலர், ஒன்றும் அறியாத ஒருவருக்குத் திடீரென்று வித்தை வந்து வாய்த்ததாகப் பொருள் கொள்வதுதான் வருத்தமாயிருக்கிறது. முதியவர் கற்கண்டை இட்ட அந்த வாய், தந்தையாரிடம் வேங்கடமகியின் மேளங்களைப் பாடிப் பழகிய வாய். கோட்டையின் பாண்டைக் கேட்ட காதும், காசியில் மந்திரம் ஜபித்த மனமும் அதற்குப் பின்னால் இருந்தன. அருள் வந்த வேளை ஒரு கணமாக இருக்கலாம். அது வந்து தங்குவதற்கு வேண்டிய பாத்திரம் மணலியில் பல்லாண்டுக் காலம் வனையப்பட்டது.

முதல் கீர்த்தனமாகிய 'ஸ்ரீநாதாதி குருகுஹோ'வை எடுத்துக்கொள்வோம். ராகம் மாயாமாளவகௌளை, தாளம் ஆதி. சங்கீதம் கற்க உட்காரும் ஒவ்வொரு குழந்தையும் சரளி வரிசையைப் பாடத் தொடங்குவது இந்த ராகத்தில்தான். அந்த ஏற்பாட்டைப் புரந்தரதாஸருடையதாகச் சொல்வார்கள். அபூர்வ ராகங்கள் அத்தனையும் கைவசம் இருந்த ஒருவர், தம் முதல் பாட்டுக்கு மாணவனின் முதல் ராகத்தைத் தேர்ந்தது தற்செயலாய் இருக்க முடியாது. குருவைப் பாடப் புகுந்தவர், குருவின் எதிரே முதல் நாள் அமர்ந்த இடத்திலேயே மறுபடி அமர்கிறார். ராகத்தின் பெயரைச் சாகித்தியத்துக்குள் பொதிந்து வைக்கும் உத்தியும், பிற்காலத்தில் அவருடைய தனி அடையாளமாக ஆகிவிட்ட அந்த ராக முத்திரையும், இந்த முதல் பாட்டிலேயே இருக்கிறது. அது எவ்வாறு அமைந்திருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். மாளவம், கௌளம் என்பவை பழைய தேசங்களின் பெயர்களும் ஆகும். அத்தேசங்கள் முதலானவற்றின் அரசர்கள் வந்து பூஜிக்கும் பாதங்களை உடையவன் என்று இறைவனைப் போற்றும் வாக்கியத்துக்குள் ராகத்தின் பெயர் முழுவதும் ஒரு சொல்லும் சிதையாமல் உட்கார்ந்திருக்கிறது. பொருளை நெரித்து நுழைத்த பெயராக அது தோன்றவில்லை. சொல்லப்போனால், ராகம் அறியாதவர் அதைக் கேட்டால் ஒரு ஸ்துதியாக மட்டுமே கேட்டுச் செல்வார். தம் தீக்ஷா நாமத்தையும் அவர் அதே பாட்டில் வைத்திருக்கிறார். கையெழுத்து, ராகம், உபாசனை மூன்றும் முதல் முயற்சியிலேயே இவ்வளவு அமைதியாக ஒன்றுபட்டிருப்பதைக் காணும்போது, இதற்கு முன் மனத்துக்குள்ளே எழுதி அழித்த பாட்டுகள் எத்தனையோ என்று எண்ணத் தோன்றுகிறது.

இனி எட்டையும் சேர்த்துப் பார்ப்போம். வேற்றுமை எட்டு என்னும் எண்ணிக்கை தமிழுக்கும் அந்நியமானதன்று. தொல்காப்பியர் ஏழு என்று எண்ணி, விளியோடு எட்டு என்று முடிக்கிறார். ஒரு தெய்வத்தை எட்டு வேற்றுமையிலும் துதிப்பது வடமொழி ஸ்தோத்திரங்களில் முன்பே உள்ள மரபு. தீக்ஷிதர் செய்தது, அந்த மரபைத் தனித்தனி ராகங்களில் அமைந்த எட்டு முழுக் கீர்த்தனங்களாக விரித்தது. இதனை வெறும் இலக்கணச் சாமர்த்தியம் என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. அவர்கள் எட்டுப் பல்லவிகளையும் அடுத்தடுத்து வைத்துப் பொருள் பார்த்ததில்லை என்று நினைக்கிறேன். முதல் பல்லவியில் குருகுஹன் எழுவாய். வெற்றியோடு விளங்குகிறவன் அவன். பாடுகிறவர் அங்கே தம் தீக்ஷா நாமத்துக்குள் ஒளிந்து நிற்கிறார். ஆனந்தபைரவியில் அமைந்த இரண்டாவதில் அவன் செயப்படுபொருள்; பாடுகிறவர் தம் மனத்தை நோக்கி, அவனுடைய வடிவத்தைப் பஜிக்கச் சொல்கிறார்; பேசுவது தமக்குள்ளேதான். பாடி ராகத்தில் அமைந்த மூன்றாவதிலேதான் 'நான்' என்ற பொருள் பல்லவியின் மையத்துக்கு வருகிறது. அதுவும் செய்கிறவனாக வரவில்லை, குருவினாலே காக்கப்பட்டவனாக வருகிறது. கருவியையும் கர்த்தாவையும் குறிக்கும் மூன்றாம் வேற்றுமைக்கு இதைவிடப் பொருத்தமான வாக்கியத்தை யாரால் எழுத முடியும்?

நான்காவது, சாமா ராகத்தில், அவனுக்கு வணக்கம் என்கிறது. நமஸ் என்னும் சொல் நான்காம் வேற்றுமையை வேண்டுவது பாணினீயத்தின் விதி. ஐந்தாவதாகிய பலஹம்ஸக் கீர்த்தனம்தான் எட்டில் நுட்பத்தின் உச்சம் என்பது என் அபிப்பிராயம். ஐந்தாம் வேற்றுமைக்கு நீங்கல் பொருள் இயல்பு. ஆனால் இறைவனிடமிருந்து நீங்குவதைப் பக்தர் எவ்வாறு பாடுவார்? 'அன்ய' என்ற சொல்லோடு சேரும் பெயரும் ஐந்தாம் வேற்றுமை ஏற்கும் என்ற விதியை எடுத்துக்கொண்டு, அவனையன்றி வேறொன்று அறியேன் என்னும் கருத்தை அதிலே வைத்துவிட்டார். பிரிவைக் காட்டும் உருபைக் கொண்டே பிரியாமையைச் சொன்ன இந்த இடத்தில் இலக்கணமும் பக்தியும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. ஆறாவதில், பூர்வி ராகத்தில், அவர் அவனுடைய தாஸர். ஏழாவதில் அவனிடத்திலே பக்தி வைக்கிறார்; 'நான் செய்கிறேன்' என்னும் வினை இங்கேதான் தைரியமாக வெளிப்படுகிறது. எட்டாவதாகிய உதயரவிசந்திரிகைக் கீர்த்தனத்தில் அவனை நேரே பார்த்து அழைத்துவிடுகிறார். தேவக்ரியா ராகத்திலும் விளியில் தொடங்கும் குருகுஹக் கீர்த்தனம் ஒன்று இருப்பதால் இந்த இடத்தில் அதையும் சேர்த்துச் சொல்வோர் உண்டு. எவ்வாறாயினும், படர்க்கையில் தொடங்கியவர் முன்னிலைக்கு வந்து சேரும் இந்தப் பயணம், ஒருவர் குருவினிடம் நெருங்கிச் செல்லும் வரிசையாகவே எனக்குப் படுகிறது. எட்டும் ஒரே நாளில் எழுந்தனவா, சில பின்னர் சேர்ந்தனவா என்ற கேள்வி இந்த வரிசையின் அழகைக் குறைக்காது.

ராகங்களின் தேர்விலும் ஒரு யோசனை தெரிகிறது. ஆனந்தபைரவி போன்ற, எல்லாரும் அறிந்த ராகம் ஒரு பக்கம். பாடி, பூர்வி போன்ற, மாயாமாளவகௌளையின் குடும்பத்தைச் சேர்ந்த பழைய ராகங்கள் ஒரு பக்கம். ஏழாவதற்கு அவர் எடுத்துக்கொண்ட பானுமதியோ, வேங்கடமகி சம்பிரதாயத்து மேள வரிசையில் நான்காவது. இன்னொரு வரிசையில் அந்த இடத்தை வனஸ்பதி என்பார்கள். சுத்த ரிஷபமும் சுத்த காந்தாரமும் அடுத்தடுத்து நிற்கும் விவாதி மேளம் அது. இரண்டு ஸ்வரங்களும் ஒன்றோடொன்று மிக நெருங்கி நிற்பதால், காதுக்கு உவப்பாக அதைக் கையாள்வதற்குத் தேர்ந்த வித்துவான்களும் தயங்குவதுண்டு. முதல் தொகுதியிலேயே அதில் ஒரு முழுக் கீர்த்தனத்தை நிறுத்துவதற்கு வேண்டிய துணிவு, தந்தையார் வழியே வந்த மரபின் பலம். தேர்ந்த வித்துவான்களின் துணை என்பது, பக்கத்தில் அமர்ந்து வாசிப்பது மட்டும் அன்று. அவர்கள் கொடுத்த ராக ஞானம் பாட்டின் எலும்பாகவே ஆகிவிடுவதும் அதுதான்.

ஐரோப்பாவில் பேத்தோவன், ஒன்றோடொன்று பிணைந்த ஆறு பாட்டுகளைக் கொண்ட தொகுதியை 1816-இல் வெளியிட்டார். தேர்ந்த சங்கீதகர்த்தர் ஒருவர் அமைத்த முதல் பாட்டுத் தொடர் என்று அதை அங்கே கொண்டாடுகிறார்கள். அவருடைய சமகாலத்தவரான தீக்ஷிதர், அதற்குப் பல ஆண்டுகள் முன்பே, அவரை அறியாமலும் அவரால் அறியப்படாமலும், தணிகையில் எட்டுப் பாட்டுகளை ஒரே கருத்தில் பிணைத்துவிட்டார். போட்டிக்காக இதைச் சொல்லவில்லை. தனிப்பாட்டைவிடப் பெரிய ஒரு வடிவத்தை மனம் வேண்டிய காலம் இரண்டு நாடுகளிலும் ஏறத்தாழ ஒன்றாய் இருந்தது என்பது சிந்திக்கத் தக்கது. அந்த வடிவ மோகம் தீக்ஷிதரை ஆயுள் முழுதும் விடவில்லை. கமலாம்பா நவாவரணம், நவக்கிரகக் கீர்த்தனங்கள், பஞ்சபூத ஸ்தலங்களின் லிங்கங்களைக் குறித்த ஐந்து, தியாகராஜப் பெருமான் மீதும் அபயாம்பிகை மீதும் அமைந்த வேற்றுமைத் தொடர்கள் எல்லாம் தணிகையின் வழித்தோன்றல்களே. நீலோத்பலாம்பிகையின் மீது பாடிய தொடரில், கௌளம் என்று முடியும் ராகங்களாகவே தேர்ந்து கோத்தார். தம் முதல் பாட்டின் மாயாமாளவகௌளையும் அவற்றுள் ஒன்று.

தமிழ் மலையில், தமிழ்த் தெய்வத்தின் முன்னிலையில், வடமொழியில் ஏன் பாடினார் என்று கேட்பவர்களுக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம். 1940-களில் தமிழிசை இயக்கம் எழுப்பிய கேள்வி நியாயமானது. அதை எழுப்பியவர்களால்தான் நம் மேடைகளில் தமிழ்ப் பாட்டுக்கு இடம் கிடைத்தது. தணிகையோ அருணகிரிநாதர் திருப்புகழ் பாடிய மலை. கச்சியப்ப முனிவர் புராணம் பாடிய மலை. தீக்ஷிதருக்குப் பின் வந்த வள்ளலார் இளமையிலேயே உருகிப் பாடிய மலை. 1960 ஏப்ரல் 1 அன்று ஆந்திரத்திலிருந்து பிரிந்து நம் ராஜ்யத்தோடு அது சேர்ந்ததற்குப் பின்னால் ம.பொ.சி. முதலியோர் நடத்திய போராட்டத்தை நாடு அறியும். அத்தகைய இடத்தில் தீக்ஷிதரின் மொழி பலருக்குத் தொலைவாகத் தோன்றினால் வியப்பில்லை. ஆயினும் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஸ்ரீவித்யையில் தீக்ஷை பெற்று, காசியில் குருவை இழந்து திரும்பிய ஒருவர், தம் வாழ்நாள் முழுவதும் ஒவ்வொரு பாட்டிலும் இடுவதற்கு ஒரு முத்திரை தேடியபோது, தந்தைக்கே உபதேசித்த சுவாமிநாதனாகத் தமிழர் கொண்டாடும் குகனையே குருவாகக் கொண்டார். திருவாரூரில் பாடினாலும், மதுரையில் பாடினாலும், வேறு எந்தத் தெய்வத்தைப் பாடினாலும், ஏறக்குறைய ஒவ்வொரு கீர்த்தனத்திலும் தணிகையின் முருகன் பெயர் வந்து நிற்கிறது. தமிழ் மண் அவருக்குக் கொடுத்தது அதுவே. அது சிறிய கொடை அன்று. இந்த எட்டுக் கீர்த்தனங்களுக்கும் நல்ல தமிழில் விரிவான உரை ஒன்று எழுதப்பட்டு, திருத்தணியிலும் திருவள்ளூரிலும் உள்ள பள்ளிப் பிள்ளைகள் கையில் கிடைக்குமானால், மொழியின் தொலைவு வெகுவாகக் குறைந்துவிடும்.

தணிகைக்குப் பின் தீக்ஷிதர் காஞ்சிக்குச் சென்றார்; அங்கிருந்து திருவாரூர், தஞ்சாவூர் என்று அவர் வாழ்க்கை காவேரிக் கரைக்குத் திரும்பிவிட்டது. தஞ்சை நால்வர் அவரிடம் சிஷ்யர்களாக அமர்ந்தார்கள். அவர்களுள் வடிவேலு பிடிலில் பெயர் பெற்றார். மணலியில் பிடில் கற்ற பாலுஸ்வாமி எட்டயபுரம் அரண்மனை வித்துவானாக ஆனார். அவருடைய மகள் வயிற்றுப் பேரராகப் பிறந்து, அவராலேயே சுவீகாரம் செய்துகொள்ளப்பட்டவர்தாம் சுப்பராம தீக்ஷிதர். ஒரு நூற்றாண்டுக் காலம் பெரும்பாலும் வாயிலும் காதிலும் வாழ்ந்த பாட்டுகளை அவர், கமகங்களுக்கெல்லாம் தனித்தனிக் குறியீடு இட்டு, 'ஸங்கீத ஸம்ப்ரதாய ப்ரதர்சினி' என்னும் பெருநூலில் தெலுங்கு எழுத்தில் அச்சிட்டார். அவரை அதற்குத் தூண்டியவர்களுள் முக்கியமானவர் ஏ.எம். சின்னஸ்வாமி முதலியார் என்னும் கிறிஸ்தவ அறிஞர். சுப்பராமரின் குமாரர் அம்பி தீக்ஷிதரிடமிருந்து நீதிபதி டி.எல். வேங்கடராம ஐயரும், டி.கே. பட்டம்மாளும் கற்றுப் பரப்பினார்கள். சென்னை மியூசிக் அகாடமி அந்தப் பெருநூலைத் தமிழில் 1961 முதல் பகுதி பகுதியாக வெளியிட்டது. இவ்வளவு பேர் கைமாறி வந்தும் பாட்டு சிதையாமல் வந்திருப்பது நம் பாக்கியம்.

ஆனால் ஒன்று சிதைந்துவிட்டது, அதுதான் வரிசை. சுப்பராமர் தம் நூலை மேளங்களின் வரிசையில் அமைத்தார். ராக லட்சணத்தை விளக்க வந்த நூலுக்கு அதுவே தக்க ஏற்பாடு. அதன் விளைவாக, பதினைந்தாம் மேளமாகிய மாயாமாளவகௌளையில் அமைந்த முதல் கீர்த்தனம் நூலின் உட்பக்கங்களுக்குப் போய்ச் சேர, நான்காம் மேளத்து ஏழாம் கீர்த்தனம் அதற்கு வெகு முன்னால் வந்துவிட்டது. மற்றவையும் அவ்வாறே பிரிந்து கிடக்கின்றன. கச்சேரிகளிலும் பாடகர்கள், ஆனந்தபைரவி பாட வேண்டுமென்றால் அந்த ஒன்றை எடுக்கிறார்கள். அபூர்வ ராகம் வேண்டுமென்றால் பூர்வியையோ பானுமதியையோ எடுக்கிறார்கள். கமலாம்பா நவாவரணத்தை ஒன்பது இரவுகளிலும் வரிசை பிறழாமல் பாடும் நல்ல வழக்கம் இருக்க, அதற்கெல்லாம் மூலமான இந்த எட்டுக்கு அப்படி ஒரு வழக்கம் வேரூன்றவில்லை. தனியாகக் கேட்கும்போது ஒவ்வொன்றும் அழகிய கீர்த்தனமே; ஆனால் மூன்றாவதில் தலை காட்டும் அந்த 'நான்' முதல் இரண்டில் ஒளிந்திருந்ததை, தனியாக மூன்றாவதை மட்டும் கேட்பவர் எப்படி அறிவார்?

திருத்தணியில் ஆண்டின் நாட்களுக்கு ஒன்றாக 365 படிகள் உண்டு என்று சொல்வார்கள். டிசம்பர் 31 இரவில் படித் திருவிழா நடக்கிறது. படிதோறும் திருப்புகழ் பாடி ஏறும் அன்பர் கூட்டத்தை அன்று காணலாம். ஆடிக் கிருத்திகைக்கோ காவடிகள் மலையை நிறைத்துவிடும். இத்தகைய நாட்களில் ஒன்றை ஒட்டி, மாலை வேளையில், மலையடிவாரத்தில் எட்டுக் கீர்த்தனங்களையும் மாயாமாளவகௌளையில் தொடங்கி உதயரவிசந்திரிகையில் முடியும் முறைப்படி, வீணையும் பிடிலும் துணையாகப் பாடச் செய்யலாம். தீக்ஷிதரின் வீணைக்கும் பாலுஸ்வாமியின் பிடிலுக்கும் அதுவே பொருத்தமான அரங்கு. திருவள்ளூரிலும் அரக்கோணத்திலும் சங்கீதம் கற்பிக்கும் ஆசிரியர்கள் பலர் இருக்கிறார்கள். சரளி, ஜண்டை, அலங்காரம் முடித்த மாணவர்களுக்கு மாயாமாளவகௌளை பழகிய ராகமாதலால், முதல் கீர்த்தனத்தைக் கற்பிப்பது அவர்களுக்கு அரிதன்று. பானுமதிக்கு மட்டும் தேர்ந்த வித்துவான் ஒருவரை அழைத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.